கட்டிலுக்கு அடியில் என் பேர்

பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவர், "என்ன பேர் போடணும்?" என்று கேட்டார். என் பேரைத்தான் கேட்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. என் வீட்டுக்காரர் இருந்தவரை 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார். மகனுக்கு நான் அம்மா. தெருவில் டிரைவர் வீட்டம்மா. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதுவும் அட்டையைப் பார்த்துத்தான். என் வாயால் என் பேரைச் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று எனக்கே தெரியாது. மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். முகம் சுட்டது.

அன்றைக்கு நான் போனது பக்கத்துத் தெருப் பெண்ணின் வளைகாப்புக்கு மூடி போட்ட ஒரு சம்படம் வாங்க. எங்கள் பக்கத்தில் எவர்சில்வர் சாமான் கொடுத்தால் கொடுக்கிறவர் பேரை வெட்டித்தான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் யார் கொடுத்தது என்று நாளைக்குத் தெரியாது. பேர் வெட்டுவதற்குத் தனியாகக் காசு கிடையாது. கண்ணாடி போட்ட அந்த மனிதர் மிஷினைச் சம்படத்தின் விளிம்பில் வைத்து டிர்ரென்று ஓட்டினார். புள்ளி புள்ளியாக என் பேர் விழுந்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அதற்குள் கல்லாவில் இருந்த கடைக்கார அம்மா, வெயிலில் வந்திருக்கிறேனே என்று ஃபேனுக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். எத்தனை பிள்ளைகள், எந்தத் தெரு என்று விசாரித்தார். பிறகு, "இன்னைக்கு என்ன கொழம்பு வச்சீக?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டே பேர். நானும் என் மதினியும். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா, என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பிள்ளை இல்லை. அவருக்கும் வீட்டுக்காரர் போன பிறகு, திருக்கோஷ்டியூர்ப் பக்கம் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு காரைக்குடிக்கு என்னிடம் வந்துவிட்டார். மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர் என்பதால் எனக்கு மாதாமாதம் பென்ஷன் வருகிறது. இரண்டு பேருக்கு அது போதும்.

மதினி வந்த புதிதில் வீடு ஒரே பேச்சாக இருக்கும். அவர் பேசுவார், நான் கேட்பேன். நடுவில் நான் ஒரு வார்த்தை போடுவேன், அதைப் பிடித்துக்கொண்டு அவர் இன்னும் ஒரு மணி நேரம் போவார். யாரையும் விட மாட்டார். நான் கல்யாணமாகி வந்த அன்று தலை நிமிராமல் உட்கார்ந்திருந்ததை நாற்பது வருஷம் கழித்தும் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பேச வராது. ஆனால் பக்கத்தில் இருந்து கேட்கப் பிடிக்கும்.

மூன்றாவது வருஷம் அவருக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது. முதலில் டிவி சத்தம் ஏறியது. பிறகு கூப்பிட்டால் திரும்புவதில்லை. காதுக்குள் வாய் வைத்துக் கத்தினால்தான் கேட்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. எனக்கோ கத்த வராது. எங்கள் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், குழம்பில் உப்பு போதுமா என்று மதினியிடம் சத்தம் போட்டுக் கேட்டுவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுக் கொழம்பையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க சித்தி" என்றார். நல்ல மனுஷர்தான், கிண்டலுக்குச் சொன்னது. ஆனால் எனக்கு அன்று முழுவதும் வாசல் பக்கம் போகக் கூச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் கையால் பேச ஆரம்பித்தேன். சாப்பாட்டுக்கு ஒரு ஜாடை, மாத்திரைக்கு ஒரு ஜாடை. பதில் வராத இடத்தில் மதினியும் எவ்வளவு நேரம் பேசுவார்? அவர் பேச்சும் குறைந்தது.

காதுக்கு மிஷின் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரசாங்கத்தில் சும்மா வாங்க வழி இருக்கிறது, சான்றிதழ் எடுத்துக்கொண்டு சிவகங்கை போனால் போதும் என்று சொன்னார்கள். மதினி கேட்கவில்லை. "நான் என்ன ஊனமா? சான்றிதழ் வாங்கி மாட்டிக்கிட்டுத் திரியவா?" என்று சொல்லிவிட்டார். ஊரில் அவர் பங்குக்கு இருந்த கொஞ்ச நிலத்தை விற்று வந்த பணத்தில் இரண்டு காதுக்கும் நல்ல மிஷினாக வாங்குவது என்று முடிவு செய்தார். பணத்தை ஒரு மஞ்சள் பையில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "எங்கிட்ட இருந்தா எவனாச்சும் வந்து மூக்கச் சிந்துனா எடுத்துக் குடுத்துருவேன். நீ வாயத் தொறக்க மாட்டே. ஒங்கிட்டயே இருக்கட்டும்." கோயில் திருவிழா முடியட்டும், வெயில் தணியட்டும் என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. பை என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் பண்ணுவான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, அத்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்பான். மூன்றுக்கும் நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிடுவார்கள். "சரிம்மா, வைக்கிறேன்." அவனைக் குறை சொல்லவில்லை. நான்தான் நாலாவதாக ஒன்றைச் சொல்லத் தெரியாதவள். போனை வைத்த பிறகு நெஞ்சுக்குள் ஏதோ பாதியில் நின்றது போல இருக்கும். திங்கட்கிழமை சந்தை. காய்ப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனால் காய் வாங்கிய கையோடு கால் தானாகப் பாத்திரக் கடைக்குத் திரும்பும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. போகிற வழியில் காசு செலவாகாததால் போனதே கணக்கில் இல்லை என்று எனக்குத் தோன்றும்.

சும்மா போய் உட்கார முடியாதே. ஒரு கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து வர என்னால் முடியாது. ஆகவே ஒரு தூக்குச் சட்டி. அடுத்த வாரம் ஒரு அடுக்கு. அதற்கடுத்து முறுக்குப் போட்டு வைக்கிற பெரிய சம்படம். முறுக்குச் சுட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. யாருக்கு என்று கடைக்கார அம்மா கேட்டால் வீட்டுக்கு என்பேன். பேர் போடவா என்று கண்ணாடிக்காரர் கேட்பார். தலையாட்டுவேன். பிறகு அவரே கேட்காமல் போட ஆரம்பித்தார். ஆத்தா பேர் எனக்கு மனப்பாடம் என்பார்.

எங்கள் ஊரில் சேலை வாங்கினால்தான் வீண் செலவு. பாத்திரம் வாங்கினால் சேமிப்பு. பெரிய வீடுகளில் ஒரு அறை முழுக்கச் சாமான் அடுக்கியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே வேலைக்குப் போன என் அம்மா, நமக்கும் நாலு சாமான் சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, சேராமலே போனாள். அதனால் பஸ்ஸில் மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வரும்போது தப்புச் செய்கிறோம் என்றே தோன்றாது. எனக்கு அங்கே பேச்சுத்தான் வேண்டியிருந்தது, பாத்திரம் ஒரு சாக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் பாத்திரமும் வேண்டித்தான் இருந்தது. புதுச் சாமானின் பளபளப்பில் முகம் கோணலாகத் தெரியுமே, அதைப் பார்த்துக்கொண்டே வருவேன். பஸ் கழனிவாசல் தாண்டும் வரைக்கும் மனசு நிறைந்திருக்கும். தெருவுக்குள் நுழையும்போது குறைய ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்து அதை எங்கே ஒளித்து வைப்பது என்று பார்க்கும்போது அது வெறும் தகரமாகிவிடும்.

கட்டிலுக்கு அடியில் சாக்கை விரித்து, சாமானைத் தள்ளி, முன்னால் என் பழைய தகரப் பெட்டியை இழுத்துவிட்டேன். ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வரும். மதினி அடுத்த அறையில்தான் இருப்பார். அவருக்குக் கேட்காது. அதை ஒரு வசதியாக நினைத்தேன் என்பதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

முதலில் பென்ஷன் பணத்தில்தான் வாங்கினேன். ஒரு மாதம் மகன் தீபாவளிக்கு வரவில்லை என்று சொன்னான். அந்த வாரம் இட்லிக் கொப்பரை ஒன்றைப் பார்த்தேன். பத்துப் பேர் இருக்கிற வீட்டுக்கு ஆகிற அளவு. கையில் இருந்தது போதவில்லை. மஞ்சள் பையிலிருந்து எடுத்தேன். அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்று எடுத்ததுதான். அடுத்த மாதம் வைக்கவில்லை. அதற்கடுத்த மாதம் பையை எடுக்கும்போது, போன தடவை எடுத்தபோது நடுங்கிய கை நடுங்கவில்லை. காசு போனதைவிட அதுதான் இன்று எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வருஷம் மாசியில் மதினி கடைக்குப் போனவர் முழங்கை சிராய்த்துத் திரும்பி வந்தார். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. இவருக்குக் கேட்கவில்லை. வண்டிக்காரர் கடைசி நொடியில் ஒடித்ததில் சேலை கிழிந்து, சிராய்ப்போடு போயிற்று. நான் மஞ்சளைக் குழைத்துப் போட்டேன். அவர் கிழிந்த முந்தானையை மடித்து மடித்து வைத்தார். என் மதினி பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"இனி நாளக் கடத்த வேண்டாம். வெள்ளிக்கிழமை போவோம். அந்தப் பைய எடுத்து வையி" என்றார்.

பையில் பாதிக்கும் கீழேதான் இருந்தது.

மறுநாள் நல்லதாக நாலு சாமானைச் சாக்கில் கட்டி, ஆட்டோ வைத்துக் கடைக்குப் போனேன். ஒன்றுகூட அடுப்பில் ஏறாத சாமான், ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை, எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பினேன். கடைக்கார அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் விளிம்பில் என் பேர்.

"பேர் வெட்டுன சாமானை நான் யாருக்குத்தா விக்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பழைய பாத்திரமாக எடைக்கு வேண்டுமானால் எடுக்கலாம், அதற்கு மேல் முடியாது என்று விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் ஏதோ விசேஷம் வருகிறது, அதற்குச் சேர்க்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றார்.  கண்ணாடிக்காரர் மிஷினைத் துடைப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார். சாக்கைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மதினியிடம் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது? எழுதிக் காட்டலாம் என்றால் அவருக்கு எழுத்துத் தெரியாது. இதற்கு ஜாடையும் கிடையாது. கையை விரித்துக் காட்டினால் திருட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். அப்படியே நினைத்துக்கொள்ளட்டுமே என்று ஒரு நிமிஷம் தோன்றியதையும் மறைக்க விரும்பவில்லை. பீரோ திறந்து கிடந்தது என்று சொன்னால் நம்பியிருப்பார். என்னை நம்பாமல் அவர் யாரை நம்புவார்?

ஜன்னலைச் சாத்தினேன். கதவைச் சாத்தினேன். அவரை என் கட்டிலில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து காதுக்குள் சொன்னேன். "என்னது?" என்றார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "ஒண்ணும் வெளங்கல. வாயத் தொறந்து சொல்லு."

நான் கத்தினேன். "பணம் இல்ல மதினி. நாந்தான் எடுத்துச் செலவழிச்சுட்டேன்."

பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது. மதினி என் முகத்தையே பார்த்தார்.

"எதுக்கு?"

பெட்டியை நகர்த்திவிட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே வைத்தேன். தரை நிறைந்தது. இவ்வளவு இருக்கும் என்று நானே நினைக்கவில்லை. மதினி ஒரு தூக்கை எடுத்தார். விளிம்பைக் கட்டை விரலால் தடவினார். வைத்துவிட்டு அடுத்ததை, அதற்கடுத்து ஒரு சின்னச் சம்படத்தை எடுத்தார்.

"எல்லாத்துலயும் ஒண்ணுபோல குத்தியிருக்கு. என்ன எழுதியிருக்கு?"

"என் பேரு."

"ஒம் பேரா? இம்புட்டுலயுமா?"

தலையாட்டினேன். அவர் அந்தச் சம்படத்தின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், மூடினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் அவர் பேசவில்லை. காது கேட்காதவர் பேசாமலும் இருந்துவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் காத்திருந்தேன். கடைக்குப் போக வேண்டும் என்று எனக்கு அந்த இரண்டு நாளும் தோன்றியது. வேறெப்போதையும்விட அதிகமாகத் தோன்றியது. செய்த தப்பின் வேதனைக்கும் அதே மருந்தைக் கேட்கிறதே மனசு என்று ஆச்சரியமாக இருந்தது. போகவில்லை. தரையில் கிடந்த சாமான்களையும் எடுத்து உள்ளே வைக்கவில்லை. அவற்றைத் தாண்டித் தாண்டித்தான் அடுப்படிக்குப் போனோம், இரண்டு பேரும்.

வெள்ளிக்கிழமை காலையில் மதினி குளித்துவிட்டு வந்து நின்றார்.

"எடைக்குப் போட்டுருவோம். வர்றதையும் இருக்கிறதையும் சேத்து ஒரு காதுக்கு வாங்குவோம். நீ பேசுற பேச்சுக்கு ஒரு காதே எச்சு."

எனக்கு அழுகை வந்தது. அவர் அதற்குள் அந்தச் சின்னச் சம்படத்தை மட்டும் எடுத்துத் தன் டிரங்குப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் சாக்கில் போடச் சொன்னார். என்னைத் தெரியாத வேறு கடைக்குப் போய்ப் போட்டோம். தராசில் என் பேர் போட்ட சாமானெல்லாம் நசுங்கின அண்டாவோடு ஏறியது. வாங்கின விலையில் கால்வாசிதான் வந்திருக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மதினி என் தோளைப் பிடித்துத் திருப்பி, "பாரு" என்றார். பார்த்தேன்.

காது மிஷின் விற்கிற இடத்தில் ஒரு பெண் இடது காதுக்கு மிஷின் வைத்தாள். வைத்துவிட்டு, ஏதாவது பேசுங்கள் என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னாள். என்ன பேசுவது? பழக்க தோஷத்தில், "மதினி, கேக்குதா?" என்று கத்திவிட்டேன்.

"ஏத்தா, எதுக்கு இப்படிக் கத்துறே? நான் என்ன செவிடா?" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். மதினி சிரிக்கவில்லை. சுவரில் டிக் டிக்கென்று ஓடிய கடிகாரத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலது பக்கம் இருந்து சொன்னால் இன்னும் கேட்காது. நான் எப்போதும் இடது பக்கம்தான் உட்காருகிறேன். எதிர்ப் பக்கம் நின்று யாராவது கூப்பிட்டு அவர் திரும்பாதபோதெல்லாம் அந்தக் காது என் கடன் என்று நினைத்துக்கொள்வேன். பென்ஷனில் கொஞ்சம் ஒதுக்குகிறேன், ஆனால் என் பீரோவில் இல்லை. மதினியின் டிரங்குப் பெட்டியில். சாவி அவர் இடுப்பில்.

ஆசை போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. கடைக்கார அம்மா சந்தையில் பார்த்தபோது, ஒன்றும் வாங்க வேண்டாம், சும்மா வந்து உட்காருங்கள் என்றார். அது இன்னும் எனக்கு வரவில்லை. பஸ் அந்தக் கடையைத் தாண்டும்போது மறுபக்கம் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததும் நெஞ்சில் அதே பாதி நிற்கிறது. ஒன்றை மட்டும் கண்டுபிடித்திருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது என்ன என்று யோசித்தால் பாத்திரம்தான் கண்ணுக்கு வருகிறது. சற்று முன்னால் என்ன நடந்தது என்று யோசித்தால் வேறொன்று வருகிறது. மகன் இருமினான், என்ன என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். அவ்வளவுதான் இருக்கும். அதைச் சொல்ல ஆள் வேண்டும்.

மதினி மிஷினை எப்போதும் மாட்டிக்கொள்வதில்லை. பேட்டரி தீர்ந்துவிடும் என்று கழற்றி அந்தச் சின்னச் சம்படத்தில் போட்டு மூடி வைத்துவிடுவார். போன ஞாயிற்றுக்கிழமை போய் அவர் தோளைத் தொட்டேன். முகத்தைப் பார்த்தார். சம்படத்தைத் திறந்து, மிஷினை எடுத்து, ஊதி, காதில் வைத்து அழுத்தினார். அது கீய் என்று கத்தியது. கழற்றித் திரும்ப வைத்தார். இதற்கெல்லாம் நேரம் ஆகும். முன்பெல்லாம் அந்த நேரத்துக்குள் நாளைக்கு எந்தச் சாமான் என்று நான் முடிவு செய்திருப்பேன். இப்போது அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு, என்ன சொல்லப் போகிறேன் என்று சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன்.

சம்படத்தை மூடினார். இடது பக்கம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"ம், சொல்லு" என்றார்.